முதல் மணி அடிப்பதற்குள்: தொடக்க வகுப்பறையைத் தயார் செய்வது எப்படி?

ஆசிரியரான முதல் வருடம், பள்ளி திறப்பதற்கு நான்கு நாள் முன்பே என் வகுப்பறையை ஜோடித்து முடித்துவிட்டேன். நான்கு சுவரிலும் சார்ட், கூரையிலிருந்து தொங்கும் காகிதப் பட்டாம்பூச்சிகள், வாசலில் மினுமினுக்கும் வரவேற்புப் பலகை. எட்டிப் பார்த்த எல்லோரும் பாராட்டினார்கள்.

முதல் நாள், முதல் பாடம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பையனின் பென்சில் முனை உடைந்தது. "டீச்சர், ஷார்ப்னர் இருக்கா?" என்றான். ஷார்ப்னர் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவன் எழுந்து வந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர், முனை நன்றாகவே இருந்த பென்சில்களோடு வந்தார்கள். பட்டாம்பூச்சியை அண்ணாந்து பார்த்தபடி நான்காவதாக ஒரு பெண் பிள்ளை வரிசையில் சேர்ந்தாள். "சீவலை எங்கே போடறது?" என்று கேட்டார்கள். குப்பைக்கூடை வாங்க நான் மறந்தே போயிருந்தேன். சீவல் அத்தனையும் என் வருகைப் பதிவேட்டின் மேல் விழுந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு முறை, முறைக்கு ஒரு நிமிடம். பென்சில் சீவுவதற்கு மட்டும் அறுபது நிமிடம். இதில் தண்ணீர், கழிப்பறை, காணாமல் போன ரப்பர் எதுவும் சேரவில்லை.

அதனால், முதன்முதலாக வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முறை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். அலங்காரம் பிறகுதான் வரும், அதுவும் பாதிதான். முதலில் ஒரு பிள்ளை காலையில் கதவைத் திறந்து உள்ளே வருவதில் தொடங்கி மாலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் வரை எங்கெல்லாம் நடக்கும், எதையெல்லாம் எடுக்கும், எங்கெல்லாம் திணறும் என்று யோசித்து அறையை அமைக்க வேண்டும். பத்து நாள் அவகாசம் இருந்தால் நிதானமாகச் செய்யலாம். மூன்று நாள்தான் கிடைத்தது என்றால் சுவர் வேலையை விட்டுவிடுங்கள், மற்றதைச் செய்யுங்கள்.

முதல் வேலை: வெறுங்கையோடு போய் உட்காருவது

அறைச் சாவி கையில் கிடைத்த நாளில் எதையும் ஒட்டவோ நகர்த்தவோ வேண்டாம். ஒரு நோட்டு, பென்சில், அளவு நாடா, ஒரு சாக்பீஸ், இவை போதும். பலகையில் நீங்கள் வழக்கமாக எழுதும் அளவில் நான்கு வரி எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு இருக்கையிலும், ஆமாம், ஒவ்வொன்றிலும், போய் உட்காருங்கள். கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால் ஏழு வயதுப் பிள்ளையின் கண் உயரம் கிடைக்கும்.

அப்போது தெரியவரும் சங்கதிகள் நிற்கும்போது தெரியாதவை. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் ஒரு மூலை கண்ணாடி மாதிரி பளபளக்கும். கடைசி இருக்கைக்குத் தூண் மறைக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பவர் காதில் உங்கள் குரல் விழாது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பாருங்கள். வெளிச்சம் இடம் மாறும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. கண் பரிசோதனையில் 6/6 பார்வை, அதாவது இயல்பான பார்வை, உள்ளவர் ஆறு மீட்டர் தூரத்திலிருந்து அடையாளம் காணும் எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கும் எல்லை. நாள் முழுக்கச் சிரமமில்லாமல் படிக்க அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும், அதாவது மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல். தமிழ் எழுத்துகளுக்கு நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வேன். ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம். கடைசி பெஞ்சிலிருந்து அந்தச் சுழி தெரியாவிட்டால் பிள்ளை நோட்டில் தப்பாகத்தான் எழுதும், நாமும் அதன் மேல் சிவப்பு மையைச் சுழிப்போம்.

உட்கார்ந்து முடித்ததும் கையால் தடவிப் பாருங்கள். பெஞ்சுக்கு அடியில் துருத்தும் ஆணி, உடைந்த சுவிட்ச், மூடியில்லாத மின் துளை, ஆடும் அலமாரி, விரல் நசுங்குகிற மாதிரி படாரென்று சாத்திக்கொள்ளும் கதவு. நோட்டில் எழுதி, அன்றைக்கே அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுங்கள். வாயால் சொன்னது பள்ளி திறக்கும் வார நெரிசலில் காற்றோடு போய்விடும். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்கச் சொல்வதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேல்தட்டில் இருக்கும் பந்துக்காகக் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு.

கழிப்பறை வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை நிமிடம், எந்தத் திருப்பம், உள்தாழ்ப்பாளைச் சின்னக் கையால் போட்டுத் திறக்க முடிகிறதா, குழாய் எட்டுகிறதா. சின்ன வகுப்புகளில் முதல் வாரத்து அழுகையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது: கழித்துக் கட்டுவது

முன்பு அந்த அறையில் இருந்தவர் விட்டுப்போனவை உங்களுக்குச் சொத்தாக வந்திருக்கும். காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா, ஒரு பக்கம் கிழிந்த சார்ட், யாருடையதென்று தெரியாத ஒற்றைச் செருப்பு. மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வைத்துக்கொள்வது, யாரிடமாவது கேட்க வேண்டியது, தூக்கிப்போடுவது. பதிவேடு, விடைத்தாள், பிள்ளைகளின் பெயர் உள்ள எந்தக் காகிதமானாலும் இரண்டாவது குவியலுக்குத்தான் போக வேண்டும். கேட்காமல் எறியக் கூடாது.

ஒவ்வொரு பேனாவையும் கிறுக்கிப் பாருங்கள். எழுதாததை அப்போதே எறியுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி வைத்தால் அது இன்னும் மூன்று வருடம் அங்கேயே கிடக்கும்.

மூன்றாவது: மேசையும் நாற்காலியும்

1907 ஜனவரியில் ரோம் நகரத்து சான் லொரென்சோ பகுதியில் மரியா மாந்தெசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் தாங்களே தூக்கி நகர்த்தக்கூடிய சின்ன மேசை நாற்காலிகளை அங்கே கொண்டுவந்தார். நூறு வருடம் தாண்டியும் பல வகுப்புகளில் பிள்ளைகளின் கால் அந்தரத்தில்தான் தொங்குகிறது. பாதம் தரையில் முழுசாகப் பதியாத பிள்ளை நெளிந்துகொண்டே இருக்கும். நாம் அதை "அடங்காத பிள்ளை" என்போம்.

ஐரோப்பாவில் பள்ளி நாற்காலிகளுக்கு இஎன் 1729 என்றொரு தரநிலை இருக்கிறது. அதன்படி 108 முதல் 121 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை உயரம் 31, மேசை உயரம் 53 சென்டிமீட்டர். 119 முதல் 142 வரை என்றால் இருக்கை 35, மேசை 59. உங்களிடம் இருப்பதை நாடாவால் அளந்து பாருங்கள். புதிதாக வாங்கித் தர யாரும் காத்திருக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் இருப்பதில் தாழ்வானவற்றைச் சின்ன வகுப்புக்கு மாற்றிக்கொள்ளப் பக்கத்து அறை ஆசிரியரிடம் பேசலாம். அதுவும் முடியாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை, அல்லது பழைய காகிதக் கட்டுகளை இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய ஒரு பொட்டலம். மலிவான வைத்தியம், ஆனால் வேலை செய்கிறது.

எப்படி வரிசைப்படுத்துவது? இதில் ஆளுக்கொரு கட்சி. வட்டமாக, குழுவாக, ப வடிவத்தில், நேர் வரிசையில் என்று எல்லாவற்றிலும் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். புதிதாக வருபவருக்கு என் யோசனை: முதல் இரண்டு மூன்று வாரம் எல்லோரும் உங்களைப் பார்க்கிற மாதிரி, இரண்டிரண்டு பேராக வரிசையில் வையுங்கள். பெயர்கள் மனதில் பதியட்டும், அறையின் பழக்கங்கள் ஊறட்டும். தனியாக எழுத வேண்டிய வேலைக்கு வரிசை நல்லது, கூடிப் பேசிச் செய்யும் வேலைக்குக் குழு நல்லது. ஆகவே ஒரே அமைப்பைப் பிடித்துத் தொங்காமல், பிறகு வேலைக்கு ஏற்ப மாற்றுங்கள். பிள்ளைகளே இரண்டு நிமிடத்தில் மேசையை நகர்த்தப் பழகிவிட்டால் இந்த விவாதமே தேவைப்படாது.

வடிவத்தைவிட வழி முக்கியம். அறையின் எந்த இருக்கைக்கும் நீங்கள் பத்து எட்டுக்குள், யாரையும் எழுப்பாமல் போக முடிய வேண்டும். எந்தப் பிள்ளையும் இன்னொரு பிள்ளையின் நாற்காலியை இடிக்காமல் கதவுக்குப் போக வேண்டும். கதவின் முன்னால் எதுவுமே இருக்கக் கூடாது. சாக்பீஸால் தரையில் வழிகளைக் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் சண்டை வரும். அங்கே குப்பைக்கூடையையோ தண்ணீரையோ வைக்காதீர்கள்.

இடக்கைப் பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். முப்பது பேரில் மூன்று பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, அவர்களைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் வலக்கையால் எழுதும் பிள்ளையின் முழங்கையோடு நாள் முழுக்க முட்டல்தான்.

உங்கள் மேசை? சுவரோரம், பின்பக்கம், எங்கே வேண்டுமானாலும். நீங்கள் அதில் உட்காரப் போவதே இல்லை.

நான்காவது: சுவர்

இந்த இடத்தில்தான் புது ஆசிரியர்கள் காசையும் தூக்கத்தையும் தொலைக்கிறார்கள். நானும் தொலைத்தேன்.

2014-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர், அறிவியல் பாடம் ஆறு. மூன்று பாடங்கள் சுவர் நிறையப் படம் ஒட்டிய அறையில், மூன்று ஒன்றும் ஒட்டாத அறையில். நிறைய ஒட்டிய அறையில் பிள்ளைகளின் கவனம் 38.6 சதவீத நேரம் பாடத்தை விட்டு விலகியிருந்தது. வெறும் சுவரில் அது 28.4 சதவீதம். பிறகு வைத்த சின்னப் பரீட்சையில் அலங்கார அறைப் பாடங்களுக்கு 42 சதவீதம் சரியான விடை, வெறும் அறைப் பாடங்களுக்கு 55. சிறிய ஆய்வுதான். ஆனால் என் பட்டாம்பூச்சிகளை நினைத்துக்கொண்டு அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

அதற்காகச் சிறைச்சாலை மாதிரி வைக்கவும் வேண்டாம். பிரிட்டனின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 27 பள்ளிகளில் 153 தொடக்க வகுப்பறைகளை, அவற்றில் படித்த 3,766 பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு சேர்த்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடப் படிப்பு முன்னேற்றத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் 16 சதவீதம் அறையின் அமைப்பைச் சார்ந்தது என்று கண்டார்கள். வெளிச்சம், காற்று, வெப்பம் முன்னால் நின்றன. சுவர் விஷயத்தில் அவர்கள் கண்டது நடுவாந்தரம்: மிக வெறுமையும் உதவவில்லை, மிக நெரிசலும் உதவவில்லை. இது என் அறை என்று பிள்ளைக்குத் தோன்றுவதும் கணக்கில் வந்தது.

ஆக முதல் நாளுக்குச் சுவரில் இருக்க வேண்டியவை மிகக் கொஞ்சம். அன்றைய கால அட்டவணை, படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பக்கத்தில் ஒரு சின்னப் படத்தோடு. எழுத்துகளும் எண்களும், நீங்கள் தினமும் சுட்டிக்காட்டப் போகிற இடத்தில். ஆபத்து நேரத்தில் வெளியேறும் வழி. பிறகு ஒரு பெரிய வெற்று இடம், "எங்கள் வேலை" என்ற தலைப்போடு. முதல் வாரம் முடியும்போது அதில் ஒவ்வொரு பிள்ளையின் கைப்பட ஒரு தாள் தொங்க வேண்டும். வகுப்பு விதிகளையும் அச்சடித்து ஒட்டாதீர்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் பிள்ளைகளோடு பேசி, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நாலைந்து எழுதி ஒட்டினால் அதற்கு மதிப்பு வேறு.

ஒட்டுவதைப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். பலகையைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே வேண்டாம். ஜன்னலை மறைத்து எதையும் ஒட்டவே வேண்டாம். சிவப்பு, பச்சை இரண்டை மட்டும் நம்பி எந்த அடையாளமும் வைக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத பிள்ளை, பெரும்பாலும் பையன், உங்கள் வகுப்பில் இருக்கலாம். அது அவனுக்கே தெரிந்திருக்காது.

ஐந்தாவது: பொருள்கள், முக்கியமாகப் பென்சில்

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பிள்ளை தினமும் தொடுவது அதன் தோளுக்குக் கீழே, கதவில்லாத தட்டில். நீங்கள் எடுத்துத் தர வேண்டியது அதற்கு மேலே. பூட்ட வேண்டியது பூட்டில்: கூர்முனைக் கத்தரிக்கோல், பசை, சுத்தம் செய்யும் திரவங்கள், மருந்து.

ஒவ்வொரு டப்பாவுக்கும் வெளியே பெயரும் படமும். டப்பா இருக்க வேண்டிய தட்டிலும் அதே படம். இரண்டும் சேர்ந்தால்தான் எடுத்தது திரும்பிப் போகும். மூடியுள்ள டப்பா வேண்டாம். மூடிகள் இரண்டாம் வாரத்தில் காணாமல் போய்விடும், நமக்கு மிஞ்சுவது மூடியைத் தேடுகிற வேலைதான்.

பென்சிலுக்கு வருவோம். இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் சீவிய பென்சில் ஒரு டஜன், முனை மேலே பார்த்து. இன்னொன்று காலி. முனை உடைந்த பிள்ளை பேசாமல் எழுந்து, உடைந்ததைக் காலி டம்ளரில் போட்டு, சீவியதை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான். மாலையில் அன்றைய பொறுப்புப் பிள்ளைகள் இருவர் உடைந்தவற்றைக் குப்பைக்கூடை மேலேயே சீவி முதல் டம்ளரில் போடுவார்கள். பாடத்தின் நடுவே சீவுவது கிடையாது. "என் சொந்தப் பென்சில், அது எனக்கு வேணும்" என்று அழும் பிள்ளை வரும். அதற்காக ஒரு துண்டு டேப்பில் பெயர் எழுதிப் பென்சிலில் சுற்றிவிடுங்கள், மாலையில் அதன் கைக்கே திரும்பிவிடும்.

தண்ணீர் பாட்டில்களுக்கு ஒரு தட்டோ தரையோரமோ தனியாக வேண்டும், புத்தகத்துக்கும் மின் இணைப்புக்கும் தள்ளி. பைகளை மாட்டக் கொக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இருக்கைக்கு அடியில். நடைவழியில் மட்டும் கூடாது. புத்தக மூலைக்கு அலமாரி தேவையில்லை. இரண்டு பெட்டியும் ஒரு பாயும் போதும். ஆனால் புத்தகத்தின் முதுகு தெரியாமல் அட்டை தெரிய வையுங்கள். படிக்கத் தொடங்கும் பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும்.

இன்னும் சில சில்லறைப் பொருள்கள்: காகிதத் துடைப்பான், ஒரு செட் மாற்று உடுப்பு, பழைய துணி, முதலுதவிப் பெட்டி, ஊசி நூல். ஆறு ஏழு வயது வகுப்பு என்றால் சின்னக் காகித உறைகள் பத்து. முன் பால் பற்கள் விழுகிற வயது அது. வகுப்பு நடுவே ஒரு பல் கையோடு வந்துவிடும், அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடத்தைவிடப் பெரிய காரியம்.

ஆறாவது: பெயர்ப்பட்டியல்

பட்டியல் கைக்கு வந்ததும் தட்டச்சுத் தாளாகவே வைத்திருக்காமல் உங்கள் கையால் ஒரு முறை எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. நாக்கு தடுக்கும் பெயரை முன்பே அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் வருகை எடுக்கும்போது பெயரைத் தப்பாகச் சொல்லி வகுப்பே சிரித்தால் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் மறக்காது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று இருக்கலாம். பள்ளியில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சில விவரங்களைத் தேடி எழுதுங்கள்: ஒவ்வாமை அல்லது ஆஸ்துமா மாதிரி உடல்நலக் குறிப்பு, கண், காது, வீட்டில் பேசும் மொழி, மாலையில் யார் வந்து கூட்டிப்போவார்கள், யாரிடம் அனுப்பவே கூடாது, அவசரத்துக்கு எண். இந்தத் தாள் சுவருக்குப் போகக் கூடாது, பூட்டிய இழுப்பறைக்குள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மருந்து எங்கே இருக்கிறது, யார் கொடுக்கலாம் என்பதைப் பள்ளி திறக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி முடித்துவிடுங்கள். இதை முதல் நாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

முந்தைய ஆசிரியர் "அவனா? ஜாக்கிரதை" என்று சிலரைப் பற்றிச் சொல்வார். உடல்நலம், பாடத்தில் விட்டுப்போனது, எது சொன்னால் அமைதியாவான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதைக் காதில் வாங்கி அங்கேயே விட்டுவிடுங்கள்.

பெயர் அட்டைகளை இரண்டு பக்கமும் எழுதி மடித்து மேசையில் வையுங்கள். நீங்கள் முன்னாலிருந்து படிப்பீர்கள், பிள்ளை தன் பெயரைத் தானே பார்த்து எழுதும். லேமினேட் செய்யும் வேலையை இரண்டாம் வாரத்துக்கு ஒத்திவையுங்கள், பட்டியல் அதற்குள் மாறும்.

ஏழாவது: நடைமுறைகளை எழுதி வைத்துக்கொள்வது

வெளியே தெரியாத வேலை இது. பத்து நாளில் இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். ஒரு தாளில் கேள்விகளாக எழுதுங்கள். உள்ளே வந்ததும் பை எங்கே, நோட்டு எங்கே, பிறகு என்ன செய்ய வேண்டும்? கழிப்பறை போக எப்படிக் கேட்பது, ஒரு நேரத்தில் எத்தனை பேர்? தாமதமாக வந்தால்? வேலையை முதலில் முடித்துவிட்டால்? விடை தெரிந்தால் கத்துவதா, கையைத் தூக்குவதா? பக்கத்துப் பிள்ளை அடித்துவிட்டால் யாரிடம், எப்போது சொல்வது? வரிசையில் முதலில் யார்? வாந்தி வருகிற மாதிரி இருந்தால்? கடைசிக் கேள்விக்கு விடை: எதையும் கேட்க வேண்டாம், ஓடு.

ஒவ்வொன்றுக்கும் விடையை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். மூன்று வாக்கியம் ஆனால் அந்த நடைமுறை பிள்ளைகளுக்கு நிற்காது, எளிமையாக்குங்கள். கழிப்பறைக்கு நான் வைத்திருப்பது வாசலோரம் தொங்கும் இரண்டு மர அட்டைகள். அட்டை தொங்கினால் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். இரண்டும் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும், அவசரமென்றால் மட்டும் என்னிடம் வரலாம். கேள்வியும் இல்லை, பாடம் தடைபடவும் இல்லை.

எல்லோரையும் உங்கள் பக்கம் திருப்ப ஒரு சைகை வேண்டும். கை தட்டும் ஒரு தாளம், சின்ன மணி, உயர்த்திய கை, எதுவானாலும் ஒன்றே ஒன்று. குரலை உயர்த்துவதைச் சைகையாக வைத்துக்கொள்ளாதீர்கள். வாரம் முடிவதற்குள் தொண்டை கட்டிவிடும், பிள்ளைகளுக்கும் பழகிவிடும்.

இவற்றைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்றால், பாடம் மாதிரியேதான். நீங்கள் செய்து காட்டுங்கள். ஒரு பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். எல்லோரும் செய்யட்டும். சரியாக வரவில்லையா, திட்ட வேண்டாம், "சரி, இன்னொரு தடவை நடந்து பார்ப்போம்". முதல் நாளில் நான்கு போதும்: உள்ளே வருவது, அமைதிச் சைகை, கழிப்பறை, கிளம்புவது. பென்சில் டம்ளர் இரண்டாம் நாள். மற்றவை இரண்டு வாரத்துக்குப் பரவி வரட்டும். அந்த இரண்டு வாரத்தில் பாடம் பின்தங்குகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும், அடுத்த மாதம் ஈடுகட்டிவிடலாம்.

எட்டாவது: முதல் நாளின் தாள்

முதல் நாளுக்குத் தேவையைப் போல ஒன்றரை மடங்கு வேலை தயாராக இருக்கட்டும். நாற்பது நிமிடம் என்று நினைத்தது பன்னிரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும். அந்த இடைவெளியில்தான் வகுப்பு கை நழுவும்.

பிள்ளைகள் வரும்போது ஒவ்வொரு மேசையிலும் யார் உதவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்க வேண்டும்: ஒரு தாள், வண்ணக் குச்சிகள், "உன் வீட்டில் இருப்பவர்களை வரை". நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். அழுகிற பிள்ளை, விட்டுப்போக மனசில்லாத பெற்றோர், பணம் கட்டும் சந்தேகம் கேட்பவர் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கேதான் வருவார்கள். பெற்றோரின் நீண்ட கேள்விகளுக்கு ஒரு நோட்டை வாசலில் கட்டித் தொங்கவிடுங்கள். "இதில் எழுதிவையுங்க, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள்.

அழுகிற பிள்ளையிடம் காரணம் கேட்டால் அழுகை கூடும். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். "இந்தப் பெயர் அட்டைகளை எனக்கு மேசையில் வைத்துத் தருகிறாயா?" என்றால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேருக்கு உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியும் கொஞ்ச நேரமும் வேண்டும். பெற்றோர் சொல்லாமல் நழுவுவதற்கு மட்டும் துணை போகாதீர்கள். விடைபெற்று, "மணி அடிச்சதும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

அறையைச் சுற்றிக் காட்டுவது, எல்லோரும் சேர்ந்து கழிப்பறை வரை ஒரு நடை, ஒரு கதை, பெயர் சொல்லும் விளையாட்டு, சுவருக்குப் போகும் ஒரு தாள் வேலை. நாள் முடிந்துவிடும். கிளம்புவதற்கு மட்டும் நீங்கள் நினைப்பதைவிட இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். யார் யாரோடு போகிறார்கள் என்ற உங்கள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே அனுப்புங்கள்.

முந்தின நாள் மாலை

எல்லாம் முடிந்த பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பையை மாட்டிக்கொண்டு, பிள்ளையாக உள்ளே வாருங்கள். பையை வையுங்கள். பெயரைத் தேடி உட்காருங்கள். பென்சில் முனையை வேண்டுமென்றே உடைத்து, டம்ளருக்குப் போய் வாருங்கள். தண்ணீர் எடுங்கள். கழிப்பறை அட்டையை மாட்டிக்கொண்டு போய்த் திரும்புங்கள். எங்கே இடித்துக்கொண்டீர்களோ, எதைத் தேடினீர்களோ, அதை மட்டும் சரிசெய்யுங்கள். பள்ளியில் யாராவது பார்த்துவிட்டால் வெட்கமாகத்தான் இருக்கும். பக்கத்து அறை ஆசிரியர் ஒருவர் என்னை அப்படிப் பார்த்துச் சிரித்தார். மறு வருடம் அவரும் பையோடு நின்றார்.

கடைசியாக, ஒரு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். அதன் முன்னால் பெயர் எழுதாத அட்டை ஒன்று, பக்கத்தில் ஒரு மார்க்கர், ஒரு தாள், சீவிய பென்சில். நாளைக்குக் காலை மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து, பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளை அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டோடு வந்து வாசலில் நிற்கும்.